நூலகர் எப்படி நின்றார்?

என் கொழுந்தனுக்கு நிற்பதுதான் வேலை. வேலை கிடைக்காமல் தெருவில் நின்றவன் என்று நினைத்துவிடாதீர்கள். சிற்பக் கல்லூரியில் பிள்ளைகள் களிமண்ணை வைத்துக்கொண்டு மனித உடம்பைச் செய்து பழகுவார்கள். அவர்கள் பார்த்துச் செய்ய மேடை மேல் ஏறி அசையாமல் நிற்கிற ஆள் இவன். உத்தியோகம்தான். பென்ஷன்கூட உண்டு.

இவனுக்குப் பெண் தேடிய காலத்தில் இதை விளக்குவதற்குள் எங்களுக்கு நாக்குத் தள்ளிவிடும்.

"மாப்பிள்ளை என்ன பண்றாரு?"

"நிக்கிறாருங்க."

"அடேயப்பா! எந்தக் கட்சி?"

விவரமாகச் சொன்னால் இன்னும் மோசம். பெண்ணின் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "நிக்கும்போது உடுப்பு...?" என்று இழுப்பார். "இருக்குங்க, இடுப்புல ஒரு துண்டு" என்று என் வீட்டுக்காரர் உள்ளதைச் சொல்லிவிடுவார். அந்தத் துண்டோடு அந்த இடம் தட்டிப்போகும். இப்படிச் சில இடங்கள் போன பிறகு அவனே சொல்லிவிட்டான்: "விட்டுடுங்க அண்ணி. நின்னுக்கிட்டே காலத்தை ஓட்டிடறேன்."

ஆள் ஒடிசல், நல்ல உயரம். அதனால் பள்ளிக்கூடத்திலேயே "கம்பம்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். சொந்தப் பெயரை ரேஷன் அட்டைக்காக மட்டும் வைத்திருந்தோம். இந்த வேலைக்கு அவன் வந்ததே தற்செயல்தான். ஒரு கடையிலிருந்து பிளாஸ்டர் மூட்டை இறக்கக் கல்லூரிக்குப் போயிருக்கிறான். கையெழுத்துப் போடவேண்டிய குமாஸ்தா டீ குடிக்கப் போய்விட்டார். இவன் வாசலில் நின்றான். நின்றான் என்றால் அப்படியொரு நிற்றல். வகுப்பு விட்டு வந்த பிள்ளைகள் இரண்டு பேர் அங்கேயே உட்கார்ந்து படம் வரையத் தொடங்கிவிட்டார்கள். குமாஸ்தா திரும்பி வருவதற்குள் நிழல், வெளிச்சம் எல்லாம் போட்டு முடித்தாயிற்றாம். அன்றைக்குப் பிடித்துப் போட்டதுதான்.

எவ்வளவு அசையாமல் நிற்பான் என்று கேட்பீர்கள். காதுக்கும் தோளுக்கும் நடுவே சிலந்தி வலை பின்னியிருக்கிறது. கல்லூரியைச் சுற்றிப் பார்க்க வந்த ஒரு கண்ணாடிக்காரர் இவன் நீட்டியிருந்த கையில் குடையை மாட்டிவிட்டு, பெயர்ப் பலகை எங்கே என்று காலடியில் குனிந்து தேடியிருக்கிறார். ஒரு தடவை தோட்டத்தில் நிற்கவைத்தபோது தெரு நாய் ஒன்று சந்தேகத்தோடு வந்து முகர்ந்து, காலைத் தூக்குகிற வரைக்கும் போயிற்று என்று அவனே சொன்னான். தூக்கியதோடு விடவில்லை என்று அவன் அண்ணன் சொன்னார். நம்புகிறவர்கள் நம்பலாம். எனக்கு இதில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

அந்தக் கல்லூரியில் நீளமான கூடம் ஒன்று இருக்கிறது. உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற பழைய சிலைகளைப் பிளாஸ்டரில் அச்செடுத்து, காலவரிசைப்படி நிறுத்தியிருக்கிறார்கள். மனுஷன் தன் உடம்பைத் தானே செய்து பார்த்த கதை முழுக்க அதற்குள் இருக்கிறது. ஒரு நாள் கம்பம் என்னை அங்கே கூட்டிப் போனான். கல்யாண வீட்டில் சொந்தக்காரர்களை அறிமுகப்படுத்துவது போல ஒவ்வொன்றாகக் காட்டினான்.

"இவங்கதான் மூத்தவங்க, அண்ணி." கைக்குள் அடங்குகிற பெண் உருவம். வயிறும் இடுப்பும் மார்பும்தான். முகமே இல்லை.

"மூஞ்சி எங்கடா?"

"அப்ப எல்லாம் மூஞ்சி அவ்வளவு முக்கியமில்லை போல."

அடுத்து ஒரு வரிசை. நைல் நதிப் பக்கத்துக்காரர்கள். கைகள் உடம்போடு ஒட்டி, ஒரு கால் முன்னால் வைத்து, ஆனால் பாரம் இரண்டு காலிலும் சரிசமமாக. இன்ஸ்பெக்டர் வந்த வகுப்பில் எழுந்து நிற்கிற பிள்ளைகள் மாதிரி இருந்தார்கள். "இவங்க பெரியப்பா வகை. விறைப்பு ஜாஸ்தி. பேச்சு வார்த்தை கிடையாது" என்றான். அதைத் தாண்டினால் திடீரென்று ஒருவன் ஒரு காலில் பாரத்தைப் போட்டு, மற்ற முழங்காலைத் தளரவிட்டு நிற்கிறான். பாரம் இருக்கிற பக்கம் இடுப்பு மேலே, தோள் கீழே. அவ்வளவுதான் வித்தியாசம். அந்த இடத்தில் எனக்கே நிம்மதியாக மூச்சுவிட வந்தது. கல்லுக்கு அங்கேதான் மூச்சு வந்தது என்று அங்கே சிற்பம் சொல்லிக்கொடுக்கிற டீச்சர் வகுப்பில் சொல்வாராம். அதற்குப் பக்கத்தில் கழுத்து, இடுப்பு, முழங்கால் என்று மூன்று இடத்தில் வளைந்து நிற்கிற ஒரு நடனக்காரி. "சித்தி" என்றான் மரியாதையாக. கடைசியில் தலையும் இல்லாமல், கையும் இல்லாமல், நடந்துகொண்டே இருக்கிற ஓர் ஆள்.

"இவன் யாரு?"

"கடைக்குட்டி. தலை கிடையாது. ஆனா எங்கேயோ அவசரமாப் போறான். நம்ம அண்ணன் மாதிரி."

கம்பம் வாங்கின பெயரெல்லாம் அந்த ஒற்றைக்கால் வகையில்தான். வலது காலில் பாரத்தைப் போட்டு நின்றான் என்றால் மத்தியானம் வரைக்கும் அசைக்க முடியாது. அதனால் ஊரில் யாருக்குச் சிலை வைத்தாலும், கல்லூரிக்காரர்கள் கழுத்துக்கு மேலே புகைப்படத்தைப் பார்த்துச் செய்வார்கள். கழுத்துக்குக் கீழே எங்கள் கம்பம்தான். பூங்காவில் துப்பாக்கியோடு நிற்கிற சிப்பாய்க்கும் ஆஸ்பத்திரி வாசலில் இருக்கிற டாக்டருக்கும் ஒரே முழங்கால். மைதானத்துப் பந்தாட்டக்காரனுக்கும் அதே கணுக்கால். காய்கறி வாங்கப் போகிற வழியெல்லாம் கொழுந்தன் நின்றால் ஒருத்திக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மருந்துக்கடைக்காரம்மாவோடு நின்று கொஞ்சம் வம்பு பேசலாம் என்றாலும் முடியாது. நிமிர்ந்தால் அவன் நிற்பான்.

நூலகர் கதைக்கு வருகிறேன்.

எங்கள் ஊர்ப் பொது நூலகத்தில் ஆயுசு முழுக்க வேலை பார்த்த ஒருவர் இறந்துபோனார். என்ன புத்தகம் வேண்டுமென்று கேட்கத் தெரியாதவர்களுக்கும் சரியான புத்தகத்தை எடுத்துக் கொடுத்தவர். படித்து வளர்ந்தவர்கள் எல்லாம் சேர்ந்து, நூலக வாசலில் அவருக்கு ஆளுயர வெண்கலச் சிலை வைப்பதென்று முடிவு செய்தார்கள். வேலை சிற்ப டீச்சரிடம் வந்தது. சின்ன வயசு, கெட்டிக்காரி, எப்போதும் முழங்கை வரைக்கும் களிமண். வீட்டிலிருந்து புகைப்படங்கள் வாங்கினார். ஒன்று விடாமல் எல்லாவற்றிலும் மனுஷன் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார், இல்லாவிட்டால் மார்பளவு. முகத்துக்கு அது போதும். உடம்புக்குத்தான் கம்பம் இருக்கிறானே.

முதலில் உள்ளே இரும்புக்கூடு. அந்த வேலையில் இது முக்கியம். கம்பியை எந்தப் பக்கம் சாய்த்து வெல்டு வைக்கிறார்களோ, களிமண் அந்தப் பக்கம்தான் நிற்கும். பிறகு யார் சொன்னாலும் கேட்காது. கம்பத்தின் வழக்கப்படி வலது காலில் பாரத்தை வைத்துக் கூடு கட்டி, மண் பூசி, ஒரு கையில் புத்தகமும் இன்னொரு கை தூரத்தைக் காட்டுவதுமாக முடித்துவிட்டார் டீச்சர். திங்கட்கிழமை அச்செடுக்கிறவர் வரவேண்டியது. அதற்கு முன்னால் முகம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல நூலகரின் மனைவியைக் கூப்பிட்டார்கள்.

நான் அன்றைக்குச் சாப்பாட்டு டப்பா கொடுக்கிற சாக்கில் போயிருந்தேன். கம்பம் டப்பாவை எடுத்துக்கொண்டுதான் போயிருந்தான். அதனால் என்ன, இரண்டாவது டப்பா.

அந்த அம்மாள் வந்தார். கம்பத்தின் வயசுதான் இருக்கும். கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அமைதியாக நின்றார். டீச்சர் ஈரத் துணியை விலக்கினார். அம்மாள் முகத்தைப் பார்த்தார். தலையசைத்தார். பிறகு நாலு அடி பின்னால் போய் மேலிருந்து கீழே பார்த்தார்.

"மூஞ்சி அவரேதாங்க" என்றார். "ஆனா இது யாரு?"

டீச்சருக்குப் புரியவில்லை. "எதும்மா?"

"இந்த ஆளு. அவரு இப்படி நிக்கவே மாட்டாரு. இவரு ஏதோ கூட்டத்துல பேச வந்தவர் மாதிரி இருக்காரு."

"அப்ப எப்படி நிப்பாரு?"

அம்மாள் பையைக் கீழே வைத்துவிட்டுத் தானே நின்று காட்டப் பார்த்தார். வரவில்லை. அங்கே கிடந்த ஸ்டூலில் மெதுவாக உட்கார்ந்துகொண்டார்.

"அதுதாங்க எனக்குப் பயமா இருக்கு. மூஞ்சி போட்டோவுல இருக்கு. குரல்கூட ஒரு கேசட்டுல இருக்கு. நின்னது மட்டும் எதுலயும் இல்லை. என்கிட்டதான் இருந்துச்சு, அதுவும் போயிட்டே இருக்கு. நான் பால் வாங்க தினம் அந்த வாசல் வழியாத்தான் போகணும். தினம் இதைப் பார்த்தேன்னா, கொஞ்ச நாள்ல எனக்கும் அவரு இப்படித்தான் நின்னாருன்னு ஆயிடும்."

டீச்சர் சிலையின் இடுப்பில் தட்டினார். "உள்ள இரும்பும்மா. பாரம் வலது கால்ல. மாத்தணும்னா இடுப்புக்குக் கீழ மொத்தமும் பிரிக்கணும்." கொஞ்ச நேரம் நகத்திலிருந்த மண்ணைச் சுரண்டினார். "சரி. சாயங்காலம் வரைக்கும் தேடிப் பார்ப்போம். எப்படி நின்னாருன்னு கிடைச்சா யோசிக்கிறேன். கிடைக்கலைன்னா இதுதான். கம்பம் அண்ணே, ஏறுங்க."

கம்பம், நூலகரின் பழைய சட்டையையும் கால்சட்டையையும் போட்டுக்கொண்டு மேடையில் ஏறினான். கூடத்தில் இருக்கிற அத்தனை சொந்தக்காரர்களையும் அன்றைக்கு அவன் உடம்பில் பார்த்தேன். பெரியப்பா மாதிரி விறைத்தான். வலது காலில் நின்றான். இடது காலில் நின்றான். கையைக் கட்டினான், அவிழ்த்தான்.

"இல்லைங்க. இது சண்டைக்குப் போறவரு."

"இது?"

"இது பஸ்ஸுக்கு நிக்கிறவரு."

"இப்படி இருக்குமா?"

"ஐயோ, இவரு கடன் கேக்க வந்திருக்காரு."

அந்த அம்மாளுக்கு நகைச்சுவை உணர்வு இருந்தது. ஆனால் சிரிக்கச் சிரிக்க முகம் சின்னதாகிக்கொண்டே போனது. நானும் என் பங்குக்கு உதவலாம் என்று, "கோவம் வந்தா எப்படிங்க நிப்பாரு?" என்று கேட்டேன்.

"கோவம் வந்தா உட்கார்ந்துடுவாருங்க."

மத்தியானம் சாய்ந்தது. எல்லாருக்கும் டீ வந்தது, பிறகு இன்னொரு தடவை வந்தது. கம்பம் இளைப்பாற மேடையிலிருந்து இறங்கி, மண் வைத்திருந்த மேஜைக்குப் பக்கத்தில் வந்தான். டீச்சர் ஜன்னலருகே எதையோ வெறித்துக்கொண்டு நின்றார். மூலையில் இரண்டு மாணவர்கள் பிளாஸ்டரை உளியால் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரே சத்தம். அந்த அம்மாள் எழுந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். மேஜைக்கு இந்தப் பக்கம் வந்து நின்று, கம்பத்திடம் ரொம்பத் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார். அவனுக்குக் கேட்கவில்லை. இடது கையை மேஜை விளிம்பில் ஊன்றினான். உடம்பு முழுக்க அந்தப் பக்கம் சாய்ந்தது. வலது குதிகால் தரையை விட்டு எழும்பியது. தலையைக் குனிந்து காதைக் கொடுத்தான். கண் மட்டும் தரையைப் பார்த்தது, கேட்கிறவருக்குக் கூச்சமாக இருக்கக்கூடாதே என்கிற மாதிரி.

"ஏங்க! அசையாதீங்க!"

அதுவரைக்கும் முணுமுணுத்த அம்மாள் போட்ட சத்தத்தில் உளி நின்றுவிட்டது.

"இதுதான்! இதேதான்! அங்க யாரும் சத்தமாப் பேச மாட்டாங்க. எல்லாரும் குசுகுசுன்னுதான் கேப்பாங்க. கேட்டுக் கேட்டு வீட்டுலயும் இப்படித்தான் நிப்பாரு. அடுப்படியில நான் ஏதாவது சொன்னா இப்படித்தான்... டீச்சரம்மா, பாருங்க, பாருங்க!"

டீச்சர் ஓடி வந்தார். கம்பம் அசையவில்லை. அம்மாள் மட்டும் இந்தக் காலுக்கும் அந்தக் காலுக்கும் மாறி மாறி நின்றுகொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர், முகத்தில் சிரிப்பு, அதற்கு மேல் ஒரு தவிப்பு.

எனக்குச் சந்தேகம் வந்தது. "இவன்கிட்ட என்னங்க கேட்டீங்க?"

அம்மாளுக்குக் கன்னம் சிவந்துவிட்டது. "பாத்ரூம் எங்கன்னு கேட்டேங்க. காலையிலேர்ந்து அடக்கிக்கிட்டிருக்கேன். போயிட்டு வந்துடறேன். ஆனா இவரு அசைஞ்சிட்டா?"

"நீங்க போங்க" என்றான் கம்பம், உதடு பிரியாமல். "நான் எங்கேயும் போகமாட்டேன்."

அவர் போன வேகத்தைச் சொன்னால் மரியாதையாக இருக்காது. கல்லூரி பெரிசு, அந்த இடம் கடைசிக் கட்டடத்தில். சாய்ந்து நிற்பதைப் போலக் கஷ்டம் வேறு இல்லை என்று கம்பம் பிறகு சொன்னான். பாரம் காலிலும் இல்லாமல் கையிலும் இல்லாமல் நடுவில் எங்கேயோ தொங்குமாம். துப்பாக்கி தூக்கி நின்றபோதுகூட அவன் நெற்றியில் நான் வேர்வை பார்த்ததில்லை. அன்றைக்கு மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. டீச்சர் மண்டியிட்டு அவன் பாதங்களைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டார். கொத்தனார் மாதிரி கழுத்துக்குழியிலிருந்து நூலில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தார். நூல் இரண்டு காலுக்கும் வெளியே விழுந்தது.

"இது அந்தக் கூடத்துல எந்த வரிசையிலயும் சேராதே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "நிக்கவும் இல்லை, நடக்கவும் இல்லை. மேஜையை எடுத்தா விழுந்துடுவாரு."

அம்மாள் ஈரக் கையோடு திரும்பி வந்தார். கம்பம் வைத்த இடத்தில் இருந்தான். அவர் தூரத்தில் நின்று பார்த்தார். பக்கத்தில் வந்து பார்த்தார். மேஜை மேல் இருந்த அவன் விரல்களைக் கொஞ்சம் விரித்து வைத்தார்.

"சரியா இருக்குங்களா?"

"பேசாதீங்க. அவரும் அப்பப் பேசமாட்டாரு."

பிறகு அவன் காதருகே குனிந்து இன்னும் ஏதோ சொன்னார். கொஞ்சம் நீளமாகவே சொன்னார். எனக்குக் காது நல்ல கூர்மை. இருந்தும் ஒரு சொல் எட்டவில்லை. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கேட்டேன்.

"அது அவருக்குச் சொன்னது அண்ணி" என்றான். "எனக்கில்லை."

அங்கே டீச்சர் சிலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முடித்து வைத்திருந்த வேலை; அழகான வலது கால். அதைக் கையால் ஒரு தடவை தடவினார். "ஆக்சா பிளேடு எங்கடா?" என்று மாணவர்களைப் பார்த்துக் கத்தினார். மண் பாளம் பாளமாக விழுந்தது. சாயங்காலத்துக்குள் நூலகருக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றும் மிச்சமில்லை.

அச்செடுக்கிறவருக்குச் சொல்லி அனுப்பித் தள்ளிப்போட்டார்கள். அவர் கோபித்துக்கொண்டு, பிறகு வந்து பார்த்துவிட்டு, கோபத்தை மறந்து மேஜையையும் வெண்கலத்திலேயே வார்க்கவேண்டும் என்றார். மறுபடி சாய்ந்து நின்ற அந்த நாளெல்லாம் கம்பத்தின் முதுகுக்கு நான்தான் தைலம் தேய்த்தேன்.

அப்போதுதான் அவனுக்கு ஒரு பித்துப் பிடித்தது. குப்புறப் படுத்துக்கொண்டே கேட்டான்: "அண்ணி, நான் எப்படி நிப்பேன்?"

"என்னடா கேள்வி? ஊரெல்லாம் நிக்கிறியே."

"அது சிப்பாய், டாக்டர். நான் சும்மா நிக்கும்போது எப்படி நிப்பேன்? அந்தம்மா போன மனுஷனுக்காக அவ்வளவு தேடினாங்க. எனக்காகத் தேடினா எதைத் தேடுவாங்க?"

யோசித்தேன். இந்த வீட்டில் அவன் நின்று நான் பார்த்ததே கிடையாது. வாசல் தாண்டியதும் உட்காருவான், உட்கார்ந்ததும் படுப்பான். நாளெல்லாம் நின்ற கால் அல்லவா. மறுநாள் கண்ணாடி முன்னால் நின்று பார்த்தான். கண்ணாடியைக் கண்டதும் வலது காலில் பாரம் ஏறிவிட்டது. தலையில் அடித்துக்கொண்டு வந்து படுத்துவிட்டான். என் வீட்டுக்காரர், "கண்ணை மூடிக்கிட்டு நில்லு" என்று யோசனை சொன்னார். தலையில்லாத அண்ணன் வேறென்ன சொல்வார்?

சிலை வைத்த அன்றைக்கு நாங்கள் எல்லாரும் போனோம். துணியை விலக்கினார்கள். மேஜையில் ஒரு கை ஊன்றி, குதிகால் எழும்ப, தரையைப் பார்த்தபடி காதைக் கொடுத்துக்கொண்டு நூலகர். பீடம் கூட இல்லை, நம் உயரத்திலேயே. ஒரு கிழவர் பக்கத்தில் போய் ரகசியமாக ஏதோ கேட்டார். அன்றைக்கு ஆரம்பித்த வழக்கம் இன்றைக்கும் இருக்கிறது. பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள், கல்யாணத்துக்குச் சம்மதம் கிடைக்காதவர்கள், எல்லாரும் அந்தக் காதில் எதையாவது போட்டுவிட்டுப் போகிறார்கள். காது மட்டும் பளபளவென்று தேய்ந்திருக்கிறது. நான் என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டு வந்தேன். கொஞ்சம் நேரம் பிடித்தது. பின்னால் வரிசை நின்றுவிட்டது.

கூட்டம் கலைந்த பிறகு நூலகரின் மனைவி சிலைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அன்றைய பயம் முகத்தில் இல்லை. பால் பாத்திரம் கையில் இருந்தது. விழா முடிந்து பால் வாங்கப் போனவர், திரும்புகிற வழியில் நின்றுவிட்டார் போல. கம்பம் தள்ளி நின்று சிலையின் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்க இப்படி நிக்கிறவர் இல்லை" என்று அவர் அவனைப் பார்க்காமலே சொன்னார்.

"எப்படிங்க?"

"இந்தச் சிலை மாதிரி. இது அவருதான். நீங்க மேடையை விட்டு இறங்கினதும் முதுகுக்குப் பின்னால ஒரு கையால மறு முழங்கையைப் பிடிச்சுப்பீங்க. பாதம் ரெண்டும் உள்பக்கம் திரும்பிக்கும். பேரைக் கூப்பிடறதுக்காகக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி. அன்னைக்கு மத்தியானம் முழுக்கப் பார்த்தேன்." பால் பாத்திரத்தைக் கை மாற்றிக்கொண்டார். "இப்பெல்லாம் எல்லாரையும் பார்த்து வச்சுக்கறேன். ஒருத்தரைப் பார்க்காம விட்டுட்டேன் பாருங்க."

நான் சட்டென்று அவன் முதுகுப் பக்கம் எட்டிப் பார்த்தேன். வலது கை இடது முழங்கையைப் பிடித்திருந்தது. கால் பெருவிரல் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. இத்தனை வருஷம் சோறு போட்டவள் நான். எனக்குத் தெரியவில்லை.

கம்பமும் குனிந்து தன் பாதத்தைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். "ஆமாங்க" என்றான், யாரோ அறிமுகமானவனைத் தெருவில் கண்டதுபோல.

இப்போது அவன் தினமும் சாயங்காலம் சட்டையை மாற்றிக்கொண்டு நூலகத்துக்குப் போகிறான். படிக்கிற நல்ல பழக்கம் பிடித்துக்கொண்டான் என்று அவன் அண்ணனுக்கு ஏக சந்தோஷம். ஒரு புத்தகமும் கையோடு வந்ததை நான் பார்க்கவில்லை. பால் மட்டும் சில நாள் வாங்கி வருகிறான்.